ஸ்பானிஷில் உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ள: தமிழிலிருந்து ஒரு நேர்வழி

நம்மில் பலர் ஸ்பானிஷை ஆங்கிலம் வழியாகத்தான் படிக்கத் தொடங்குகிறோம். செயலி ஆங்கிலத்தில் இருக்கிறது, வீடியோவில் விளக்குபவரும் ஆங்கிலத்தில்தான் பேசுகிறார். அதனால் பெயரைச் சொல்வதற்குக்கூட மனம் முதலில் ஓர் ஆங்கில வாக்கியத்தைக் கட்டி, அப்புறம் அதை ஸ்பானிஷுக்கு மாற்றுகிறது. நானும் முதல் சில மாதங்கள் அப்படித்தான் படித்தேன். பிறகு ஒருநாள் அதே வாக்கியங்களைத் தமிழுக்குப் பக்கத்தில் எழுதி வைத்துப் பார்த்தபோது, தேவையில்லாமல் ஊரைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறேன் என்று புரிந்தது. அறிமுகத்துக்கு வேண்டிய ஸ்பானிஷ் தமிழுக்கு அவ்வளவு பக்கத்தில் இருக்கிறது. அந்த வழியிலேயே போவோம்.

எவ்வளவு வேண்டும்? பெயர், சொந்த நாடு, இப்போது வசிக்கும் இடம், வேலை அல்லது படிப்பு, தெரிந்த மொழிகள், கடைசியில் "சந்தித்ததில் மகிழ்ச்சி". ஆறு வாக்கியங்கள் போதும். ஸ்பானிஷுக்கான தெலே தேர்வின் முதல் நிலையான ஏ1-இல், பேச்சுப் பகுதி தொடங்குவதே ஓரிரு நிமிடத் தன்னறிமுகத்தோடுதான். தேர்வு எழுதினாலும் எழுதாவிட்டாலும் முதலில் கைக்கு வர வேண்டியது இதுதான்.

முதலில் காது, வாய்

ஸ்பானிஷை எழுதியபடியே படிக்கலாம். ஆ, எ, இ, ஒ, உ என்று ஐந்தே உயிர்கள், எங்கே வந்தாலும் ஒலி மாறாது. நமக்கு இன்னொரு பெரிய வசதி, ஸ்பானிஷின் 'த' பல்லில் நாக்கு படும் நம்முடைய த-தான். ஆங்கிலப் பழக்கத்தில் அதை 'ட' ஆக்கிவிடாதீர்கள். பலருக்கும் வரும் முதல் தவறு இதுதான்.

தமிழ் எழுத்தில் எழுதும்போது ஒரு சிக்கல் உண்டு. 'தேன்', 'தேவி' இரண்டிலும் ஒரே 'தே' எழுதுகிறோம், ஆனால் வேறு வேறாக ஒலிக்கிறோம். ஸ்பானிஷில் இந்த இரண்டும் தனித்தனிச் சொற்கள். தேன் மாதிரி வன்மையாகச் சொன்னால் 'உன்னை'. தேவி மாதிரி மென்மையாகச் சொன்னால் 'இலிருந்து' அல்லது 'உடைய'. கீழே நான் 'ன்த' என்று எழுதியிருக்கும் இடங்களில் த வன்மையாக ஒலிக்கட்டும். 'ந்த' என்று எழுதியிருக்கும் இடங்களில் 'பந்து' என்பதில் ஒலிப்பது போல மென்மையாக வரட்டும்.

மற்றவை சுருக்கமாக:

- எச் எழுத்துக்கு ஒலியே இல்லை. எழுதுவார்கள், சொல்ல மாட்டார்கள். வணக்கம் சொல்லும் 'ஓலா'வின் தொடக்கத்தில் அது ஊமையாக நிற்கிறது.
- ஜே எழுத்தின் ஒலி தொண்டையிலிருந்து வரும் 'ஹ'. அந்த எழுத்தின் பெயரே 'ஹோத்தா'.
- வி எழுத்தும் பி எழுத்தும் ஒரே ஒலிதான். சொல்லின் தொடக்கத்தில் வந்தால் 'பிம்பம்' என்பதில் முதலில் வரும் பி.
- எல் எழுத்து இரட்டையாக வந்தால் பெரும்பாலான இடங்களில் 'ய'.
- என் எழுத்தின் தலையில் ஒரு சிறு அலைக்கோடு இருந்தால் அது நம்முடைய ஞ. ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் இதற்கு 'ன்ய' என்று பயிற்சி செய்கிறார்கள். நமக்கு இது முதல் வகுப்பிலேயே வந்த எழுத்து.

வணக்கம்

'ஓலா' எல்லா நேரத்துக்கும் எல்லாருக்கும் பொருந்தும். கொஞ்சம் மரியாதை கூட்ட வேண்டுமென்றால் அதோடு காலையில் 'புவேனோஸ் தீயாஸ்', பிற்பகலில் 'புவேனாஸ் தார்தெஸ்', இருட்டிய பிறகு 'புவேனாஸ் நோச்செஸ்'. கடைசியானதை ஆங்கிலத்தின் குட் நைட் என்று நினைத்து, விடைபெறும்போது மட்டும்தான் சொல்ல வேண்டும் என்று பலர் தயங்குகிறார்கள். அப்படியில்லை. இரவில் ஒருவரைச் சந்திக்கும்போதும் அதையே சொல்லலாம்.

பெயர்

'மே யாமோ மீனா.' இதைச் சொல்லுக்குச் சொல் பிரித்தால் 'மே' என்பது என்னை, 'யாமோ' என்பது அழைக்கிறேன். சேர்த்தால் 'மீனா என்று அழைத்துக்கொள்கிறேன்'. அந்தக் 'கொள்' என்பதைக் கவனியுங்கள். செயல் செய்பவரிடமே திரும்பி வருவதைத் தமிழ் 'கொள்' சேர்த்துக் காட்டுகிறது, ஸ்பானிஷ் 'மே' சேர்த்துக் காட்டுகிறது. இதை ஒருமுறை பிடித்துவிட்டால் பின்னால் குளித்துக்கொள்வது, உடுத்திக்கொள்வது எல்லாம் இதே வழியில் வரும்.

இங்கே வரும் தவறு 'மே யாமோ எஸ் மீனா' என்பது. ஆங்கிலத்தின் 'இஸ்' போன்ற அந்த 'எஸ்' வேண்டாம். 'மி நோம்ப்ரே எஸ் மீனா' (என் பெயர் மீனா) என்று தொடங்கினால்தான் 'எஸ்' வரும். இரண்டையும் கலக்காதீர்கள். இரண்டும் நாக்கில் சிக்கினால் 'ஸோய் மீனா' (நான் மீனா) என்று இரண்டே சொல்லில் முடித்துவிடலாம். பேச்சில் இது மிகச் சாதாரணம், குறைவான மரியாதையும் இல்லை.

அடுத்து, உங்கள் பெயரை அவர்கள் எப்படிப் படிப்பார்கள் என்பது. பெயர் அட்டையைப் பார்த்து ஒருவர் 'பிஹாய்' என்று கூப்பிட்டால் அது விஜய்தான். ஜெயா 'ஹேயா' ஆவார், ஹரி 'ஆரி' ஆவார். 'ஷ' என்ற ஒலி பொதுவான ஸ்பானிஷில் இல்லை, அதனால் உஷா 'உசா' ஆகலாம். அவர்கள் எழுத்தைச் சரியாகத்தான் படிக்கிறார்கள். அதனால் பெயரை வேகமாகச் சொல்லிவிட்டு நகராமல், அசை அசையாக ஒருமுறை சொல்லிக் காட்டுங்கள். '¿கோமோ ஸே எஸ்க்ரீபே?' என்று கேட்டால், எப்படி எழுதுவது என்று கேட்கிறார்கள். 'கோன் ஹோத்தா' என்றால் 'ஜே எழுத்தோடு'. உங்கள் பெயரின் எழுத்துகளை ஸ்பானிஷ் எழுத்துப் பெயர்களால் ஒப்பிக்கப் பழகிக்கொள்வது ஐந்து நிமிட வேலை, பலன் நிறைய.

படிவங்களில் 'நோம்ப்ரே' என்றால் பெயர், 'அபெயீதோஸ்' என்றால் குடும்பப் பெயர்கள். பன்மையில் கேட்பதற்குக் காரணம் உண்டு. ஸ்பானிஷ் பேசும் நாடுகளில் பெரும்பாலும் ஒருவருக்கு இரண்டு குடும்பப் பெயர்கள் இருக்கும், ஒன்று தந்தை வழி, இன்னொன்று தாய் வழி. இரண்டாவது எங்கே என்று கேட்டால் 'ஸோலோ தெங்கோ உனோ' (ஒன்றுதான் இருக்கிறது) என்று சொன்னால் போதும்.

நீயா, நீங்களா

ஆங்கிலத்தில் யோசிப்பவருக்கு இது பெரிய பாடம், நமக்கு இல்லை. 'தூ' என்றால் நீ, 'உஸ்தேத்' என்றால் நீங்கள். கடைசியில் உள்ள த் மிக மெல்லியது, பலர் வாயில் 'உஸ்தே' என்றே கேட்கும்.

- ¿கோமோ தே யாமாஸ்? — உன் பெயர் என்ன?
- ¿கோமோ ஸே யாமா உஸ்தேத்? — உங்கள் பெயர் என்ன?

உஸ்தேத் என்பது 'உங்கள் கருணை' என்ற பழைய மரியாதைச் சொல்லான 'புவெஸ்த்ரா மெர்ஸேத்' தேய்ந்து வந்தது. 'உங்கள் கருணை எப்படி இருக்கிறது?' என்று படர்க்கையில் கேட்ட காலத்தின் மிச்சமாக, இன்றும் உஸ்தேத் என்றால் வினை அவன், அவளுக்கு வரும் வடிவத்தையே எடுக்கும்.

யாரிடம் எது? வயதில் மூத்தவர், அதிகாரி, மருத்துவர், வாடிக்கையாளர் என்றால் உஸ்தேத்தில் தொடங்குங்கள். உங்கள் வயதுக்காரரை நண்பர் வழியாகச் சந்தித்தால் தூ. ஸ்பெயினில் தூ சீக்கிரம் வந்துவிடும். கொலம்பியாவின் சில பகுதிகளில் நண்பர்கள், குடும்பத்தார்கூட ஒருவரையொருவர் உஸ்தேத் என்பார்கள். அர்ஜென்டினாவிலும் உருகுவேயிலும் தூவுக்குப் பதில் 'போஸ்' கேட்கும். அங்கே 'யாமோ' 'ஷாமோ' ஆகிவிடும், கேள்வியும் '¿கோமோ தே ஷாமாஸ்?' என்று கடைசி அசையில் அழுத்தத்தோடு வரும். நீங்கள் தூ என்றே சொன்னாலும் புரிந்துகொள்வார்கள். காது மட்டும் தயாராக இருக்கட்டும்.

கேள்விக்கு முன்னால் தலைகீழாக நிற்கும் அந்தக் குறியைப் பார்த்து மிரள வேண்டாம். ஸ்பானிஷ் அரச மொழிக் கழகம் 1754-இல் பரிந்துரைத்தது அது. கேள்வியாக மாற்ற ஸ்பானிஷில் சொல் வரிசையைப் புரட்ட வேண்டிய கட்டாயம் இல்லாததால், படிப்பவருக்குத் தொடக்கத்திலேயே 'இது கேள்வி' என்று அது சொல்லிவிடுகிறது. வாய்விட்டுப் படிக்கும்போது அதன் அருமை தெரியும்.

'ஸோய்' எங்கே, 'எஸ்தோய்' எங்கே

கொஞ்ச நேரம் இங்கே நிற்போம். ஆங்கிலத்தில் 'ஐ ஆம்' என்ற ஒன்றே எல்லாவற்றுக்கும் வருகிறது. ஸ்பானிஷ் அதை இரண்டாகப் பிரிக்கிறது. நிலையானதற்கு ஒன்று, தற்காலிகமானதற்கு ஒன்று என்று பாடங்களில் விளக்குவார்கள். பிறகு விதிவிலக்குகள் வந்து குழப்பும்.

தமிழில் இந்த நான்கு வாக்கியங்களைச் சொல்லிப் பாருங்கள்.

நான் செவிலியர்.
நான் மீனா.
நான் நலமாக இருக்கிறேன்.
நான் வீட்டில் இருக்கிறேன்.

முதல் இரண்டிலும் வினைச்சொல்லே இல்லை. பின் இரண்டிலும் 'இருக்கிறேன்' வந்துவிட்டது. வினை இல்லாத வாக்கியத்துக்கு 'ஸோய்', 'இருக்கிறேன்' வரும் வாக்கியத்துக்கு 'எஸ்தோய்'. ஸோய் என்ஃபெர்மேரா, ஸோய் மீனா, எஸ்தோய் பியென், எஸ்தோய் என் காஸா. நம் வாயில் ஏற்கெனவே இருக்கும் வேறுபாடு இது, புதிதாக எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம்.

எல்லா இடத்திலும் இது செல்லாது. 'நான் உயரமாக இருக்கிறேன்' என்பது உங்கள் இயல்பு என்பதால் 'ஸோய்'தான் வரும். ஆனால் அறிமுகத்துக்கு வேண்டிய வாக்கியங்களில் இந்தக் கணக்கு அநேகமாகத் தப்பாது.

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் 'எஸ்தோய் பியென்' (நன்றாக இருக்கிறேன்). 'புவேனோ' என்றால் நல்ல என்று படித்திருப்பீர்கள். அதை நம்பி 'எஸ்தோய் புவேனோ' என்று சொல்லிவிடாதீர்கள், 'பார்க்கக் கவர்ச்சியாக இருக்கிறேன்' என்ற பொருள் வந்துவிடும். 'எஸ்தோய் கஸாதோ' என்றால் எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, 'எஸ்தோய் கன்ஸாதோ' என்றால் களைப்பாக இருக்கிறேன். நடுவில் ஒரு ன்தான் வித்தியாசம். பெண் பேசினால் இரண்டும் 'தா' என்று முடியும்.

எந்த நாடு, எந்த ஊர்

'¿தே தோந்தே எரெஸ்?' என்று கேட்பார்கள். பதில் 'ஸோய் தே...' என்று தொடங்கி நாட்டின் பெயர். ஸோய் தே லா இந்தியா, ஸோய் தே ஸ்ரீ லங்கா, ஸோய் தே மலாஸியா, ஸோய் தே ஸிங்கபூர். இப்போது இருக்கும் இடத்துக்கு 'பிவோ என்...' (வசிக்கிறேன்).

இந்தியர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அகராதியில் 'இந்தியோ' என்று இருக்கும். ஆனால் லத்தீன் அமெரிக்க நாடுகளில் அது அந்த மண்ணின் பழங்குடியினரைக் குறிக்கும் சொல்லும்கூட, சில வாய்களில் வசையும்கூட. அதனால் 'ஸோய் தே லா இந்தியா' என்பதே பாதுகாப்பானது. இதன் மறுபக்கமாக, '¿எரெஸ் இந்தூ?' என்று யாராவது கேட்டால் மதத்தைக் கேட்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே பலர் இந்தியரைக் குறிக்க அந்தச் சொல்லையே பயன்படுத்துகிறார்கள்.

வேலை, படிப்பு

'¿ஆ கே தே தெதீகாஸ்?' என்பதை அப்படியே தமிழாக்கினால் 'எதில் உன்னை ஈடுபடுத்திக்கொள்கிறாய்?'. மறுபடியும் அந்தக் 'கொள்'. பதில் ஸோய் என்று தொடங்கி வேலையின் பெயர். 'ஒரு' சேர்க்க வேண்டாம். 'நான் ஒரு ஆசிரியர்' என்பதைவிட 'நான் ஆசிரியர்' என்பது எவ்வளவு இயல்போ, ஸ்பானிஷிலும் அப்படித்தான்.

ஆண்பால், பெண்பால் பார்க்க வேண்டும். பேசுபவர் ஆண் என்றால் இன்ஹெனியேரோ (பொறியாளர்), ப்ரொஃபெஸோர் (ஆசிரியர்). பெண் என்றால் இன்ஹெனியேரா, ப்ரொஃபெஸோரா. எஸ்துதியான்தே (மாணவர்) இருபாலுக்கும் பொது. உங்கள் வேலையின் பெயரை மட்டும் உங்கள் பாலில் கற்றுக்கொள்ளுங்கள், முழுப் பட்டியல் இப்போது வேண்டாம். வேலையின் பெயர் சிக்கலாக இருந்தால் 'த்ரபாஹோ என்...' (நான் வேலை செய்வது...) என்று இடத்தைச் சொல்லிவிடலாம்.

'யாமோ, பிவோ, த்ரபாஹோ' எல்லாம் ஓகாரத்தில் முடிவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஓ-தான் நம்முடைய 'ஏன்'. வசிக்கிறேன் என்று சொன்னாலே நான் என்பது தெரிந்துவிடுவது போல, பிவோ என்றாலே போதும். 'யோ' (நான்) என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் போடத் தேவையில்லை. போட்டால் தவறில்லை, ஆனால் 'நானாக்கும்' என்று அழுத்திச் சொல்வது போல் கேட்கும். ஆங்கிலம் வழியாக வந்ததால் எனக்கு இந்த 'யோ' விட வெகுநாள் ஆனது.

வயது

கேட்டால் மட்டும் சொல்லுங்கள். 'தெங்கோ த்ரெய்ன்தா ஆஞோஸ்', அதாவது என்னிடம் முப்பது ஆண்டுகள் இருக்கின்றன. 'ஸோய் த்ரெய்ன்தா' என்பது ஆங்கிலத்திலிருந்து வரும் பிழை. ஆஞோஸில் உள்ள ஞ-வை ன ஆக்கிவிடாதீர்கள், சபையில் சொல்லக்கூடாத உடலுறுப்பின் பெயராகிவிடும். உங்கள் வயதின் எண்ணை மட்டும் சரளமாகப் பழகினால் போதும்.

மொழிகள்

'ஆப்லோ தமில், இங்லேஸ் இ உம் போக்கோ தே எஸ்பஞோல்.' தமிழ், ஆங்கிலம், கொஞ்சம் ஸ்பானிஷ் பேசுவேன். ஆப்லோவின் ப் 'சப்தம்' என்பதில் வரும் மெல்லிய ப். நம் மொழியின் பெயரை அவர்கள் 'தமீல்' என்று கடைசி அசையை அழுத்திச் சொல்வார்கள். காரணம் எளிது. உயிரிலோ, ன், ஸ் ஒலியிலோ முடியும் சொல்லுக்குக் கடைசிக்கு முந்தைய அசையில் அழுத்தம், மற்றபடி கடைசி அசையில். இந்த விதியை மீறும் சொல்லுக்கு மேலே ஒரு சாய்கோடு போட்டுவிடுவார்கள். இவ்வளவுதான் அழுத்த விதி.

'எஸ்தோய் அப்ரெந்தியேந்தோ எஸ்பஞோல்' (ஸ்பானிஷ் கற்றுக்கொண்டிருக்கிறேன்) என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'கொண்டிருக்கிறேன்' என்பதில் இருக்கிறேன் இருப்பதால் இங்கேயும் எஸ்தோய். இதைச் சொன்னவுடன் எதிரே இருப்பவர் வேகத்தைக் குறைத்துக்கொள்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

சந்தித்ததில் மகிழ்ச்சி

'முச்சோ குஸ்தோ' யார் சொன்னாலும் மாறாது. கு 'குணம்' என்பதில் வரும் கு. 'என்கன்தாதோ' என்றால் பேசுபவர் ஆண், 'என்கன்தாதா' என்றால் பெண். எதிரே இருப்பவரின் பாலைப் பார்த்து மாற்றக் கூடாது, உங்கள் பால்தான் கணக்கு. அவர் முந்திக்கொண்டால் 'இகுவால்மென்தே' (எனக்கும் அப்படியே).

கைகுலுக்கல் அலுவல் சந்திப்பில் எங்கும் சரி. நட்புச் சூழலில் ஸ்பெயினில் கன்னத்தோடு கன்னம் வைத்து இரண்டு முத்தம், லத்தீன் அமெரிக்காவில் பல இடங்களில் ஒன்று. பெரும்பாலும் பெண்களுக்கிடையேயும் ஆண், பெண்ணுக்கிடையேயும். விருப்பமில்லை என்றால் புன்னகையோடு முதலில் கையை நீட்டிவிடுங்கள், யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

புரியாவிட்டால்

இந்த மூன்றையும் அறிமுகத்தோடு சேர்த்தே பழகுங்கள், பிறகு என்று தள்ளாதீர்கள்.

- நோ என்தியேந்தோ. — புரியவில்லை.
- மாஸ் தெஸ்பாஸியோ, போர் ஃபபோர். — தயவுசெய்து இன்னும் மெதுவாக.
- ¿புவேதே ரெபெதீர்? — திருப்பிச் சொல்ல முடியுமா?

ஸ்பெயினின் பெரும்பகுதியில் தெஸ்பாஸியோவின் 'ஸி', நாக்கு பல்லிடுக்கில் வந்து 'தி' மாதிரி கேட்கும். வேறு சொல் என்று நினைத்துவிட வேண்டாம்.

எப்படிப் பழகுவது

ஆறு வாக்கியங்களையும் ஒரே மூச்சில் ஒப்பிக்கப் பழகினால், முதல் கேள்வி நடுவில் வந்தவுடன் எல்லாம் கலைந்துவிடும். அறிமுகம் என்பது மாறி மாறி நடக்கும் பேச்சு. அதனால் ஒவ்வொரு வாக்கியத்தையும் அதன் கேள்வியோடு சேர்த்துப் படியுங்கள். பதில் சொன்னவுடன் '¿இ தூ?' அல்லது '¿இ உஸ்தேத்?' என்று திருப்பிக் கேட்டுவிடுங்கள். அந்த இரண்டு சொல், அவர் பேசும் நேரத்தில் அடுத்த வாக்கியத்தை யோசிக்க உங்களுக்கு இடம் கொடுக்கும்.

ஒரு சந்திப்பு இப்படி இருக்கும்:

— ஓலா, புவேனாஸ் தார்தெஸ். ஸோய் மீனா. ¿கோமோ தே யாமாஸ்?
— ஓலா, மீனா. மே யாமோ கார்லோஸ். முச்சோ குஸ்தோ.
— இகுவால்மென்தே. ¿தே தோந்தே எரெஸ்?
— ஸோய் தே மெஹிகோ, பெரோ பிவோ என் மத்ரித். ¿இ தூ?
— ஸோய் தே லா இந்தியா. ஸோய் என்ஃபெர்மேரா. ¿ஆ கே தே தெதீகாஸ்?
— ஸோய் ப்ரொஃபெஸோர். ஆப்லாஸ் முய் பியென்.
— க்ராஸியாஸ். எஸ்தோய் அப்ரெந்தியேந்தோ.

இதில் 'பெரோ' என்றால் ஆனால், 'ஆப்லாஸ் முய் பியென்' என்றால் நன்றாகப் பேசுகிறாய், 'க்ராஸியாஸ்' என்றால் நன்றி.

மீனாவின் இடத்தில் உங்கள் விவரங்களைப் போட்டு எழுதுங்கள். கார்லோஸின் வரிகளை உங்கள் போனில் பதிவு செய்து, நடுவில் இடைவெளி விட்டு ஓடவிட்டு, உங்கள் வரிகளைச் சொல்லுங்கள். தாளைப் பார்க்காமல் மூன்று முறை வந்துவிட்டால் கேள்விகளின் வரிசையைக் கலைத்துப் பதிவு செய்யுங்கள். அப்புறம் தூ எல்லாவற்றையும் உஸ்தேத் ஆக்கி இன்னொரு பதிவு. ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் என்று ஒரு வாரம் செய்த பிறகு, ஸ்பானிஷ் பேசும் ஒருவரிடம் 'ஓலா' என்று தொடங்கிவிடலாம்.